வெறுங்குழாய் மேடம்

பால்காரன் தண்ணீர் கலக்கிறான் என்று ரயில் பெட்டியில் ஒருவர் புலம்பிக்கொண்டு வந்தார். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் காலை பாசஞ்சர். அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் முன்பின் தெரியாதவர்களோடு பேசுகிற வழக்கம் இல்லாதவர். அன்று புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டார்.

"தண்ணி ஊத்தாத பாலை எப்பங்க பாத்தீங்க?"

"என்னம்மா?"

"தண்ணி ஜாஸ்தின்னு சொல்றீங்களே. தண்ணியே இல்லாத பால் எப்படி இருக்கும்னு தெரிஞ்சாதான அதச் சொல்ல முடியும்? ஒரு நாளு மாட்டுகிட்ட போயி நின்னு, கறக்கச் சொல்லி வாங்கி, பக்கத்துல வச்சுப் பாருங்க. அப்புறமா அவனத் திட்டுங்க."

அந்த மனிதர் ஆலப்பாக்கத்தில் எழுந்தார். இறங்கும்போது என் பக்கம் குனிந்து, "வாத்தியாரம்மாவா?" என்றார். ஆமாம் என்றேன். "அதான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அந்த அம்மாள் அண்ணாமலை நகரில் ஒரு கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளர். நான் அதே கல்லூரியில் தாவரவியல் பிரிவில் டெமான்ஸ்ட்ரேட்டர். இருவருக்கும் வீடு கடலூரில். அறுபதுகளில் பல வருடம் ஒரே வண்டியில் போய் வந்தோம். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. தான் சரிபார்க்காத ஒரு தாளில் தன் பெயர் வருவதை அவர் விரும்பமாட்டார்.

வேதியியல்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பொருளுக்குள் இன்னது இருக்கிறதா என்று சோதிக்கும்போது, பக்கத்தில் இன்னொரு குழாயையும் வைப்பார்கள். அதே அமிலம், அதே சூடு, அதே நேரம். பொருள் மட்டும் அதில் இருக்காது. அந்த வெறும் குழாயிலும் நிறம் மாறினால், மாறியதற்குப் பொருள் காரணமில்லை, அமிலத்திலோ கண்ணாடியிலோ அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். எல்லோரும் செய்வதுதான். ஆனால் மற்றவர்கள் சாயங்காலம் கை கழுவும்போது அதை ஆய்வுக்கூடத்திலேயே விட்டுவிட்டுப் போவார்கள். இவர் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போவார். மாணவர்கள் வைத்த பெயர் வெறுங்குழாய் மேடம். அது அவருக்குத் தெரியும். ஒரு முறை கரும்பலகையில் எவனோ எழுதி வைத்திருந்தான். வாசித்துவிட்டு, "இதுல தப்பு ஒண்ணும் இல்ல" என்று அழித்தார்.

தங்கை மகனுக்குக் காய்ச்சல் என்றால், வெப்பமானியை முதலில் தன் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுக் கழுவி அப்புறம்தான் பையன் வாயில் வைப்பார். "நமக்கு நூறு காட்டுச்சுன்னா கோளாறு அதுல தான?" என்பார். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று ஒரு பேராசிரியரின் மனைவி கேட்டதற்கு அவர் சொன்ன பதில் குவார்ட்டர்ஸ் முழுக்கப் பரவியது. "அவரு இல்லாம எப்படி இருக்கேன்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு இருந்தேன். நல்லாவே இருந்துச்சு, அப்படியே வுட்டுட்டேன்."

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம். சிரிக்க முடியாததும் உண்டு. என் மகளுக்கு டைபாய்டு வந்து பிழைத்தபோது, என் மனைவி கோயிலில் வேண்டிக்கொண்டதால்தான் குழந்தை எழுந்தது என்று அவரிடம் சொன்னாள். அவர் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டார். "பக்கத்து பெட்டுல ஒரு புள்ள இருந்துச்சே, அதுக்கு யாரும் வேண்டிக்கலையா?" அந்தக் குழந்தையும் பிழைத்திருந்தது. உண்மையைத் தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டாரே தவிர, குத்திக்காட்டக் கேட்கவில்லை. என் மனைவி அதன் பிறகு அவரோடு பேசவே இல்லை.

அவருடைய ஆய்வுக்கூடத்து அட்டெண்டர் தேவராசு. மதுவிலக்கு இருந்த காலம். ஆய்வுக்கூடத்து ஸ்பிரிட்டுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஒரு வருடம் பாட்டிலில் அளவு குறைந்திருந்தது. தேவராசு குடித்துவிட்டான் என்று வேலையை விட்டு அனுப்பத் தயாரானார்கள். அந்த அம்மாள் அதே மாதிரி பாட்டிலில் ஸ்பிரிட்டை நிரப்பி, மூடியைக் கட்டிய நூலின் முடிச்சில் அரக்கு முத்திரை வைத்து, தன் அலமாரியில் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். ஒரு மாதம் கழித்துத் திறந்து காட்டினார். அதிலும் குறைந்திருந்தது. மூடி சரியில்லை, ஆவியாகிப் போகிறது.

தேவராசு அழுதுகொண்டே கும்பிட்டான். அவர் அவன் எதிரிலேயே மேலதிகாரியிடம் சொன்னார். "இவரு குடிக்கலன்னு நான் சொல்லல சார். குறைஞ்சதுக்கு இவருதான் காரணம்னு சொல்ல முடியாது, அவ்ளோதான்."

தேவராசு காதில் இரண்டாவது வாக்கியம் மட்டும்தான் விழுந்தது. அன்றிலிருந்து அவர் தொட்ட பொருள்களை அவன் வேறு யாரையும் தொட விடமாட்டான்.

இனி அந்தக் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் தாவரவியல் துறைத் தலைவருக்கு வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து, கேட்டுக் கேட்டு, ஒரு தொல்லுயிர்ப் படிவம் வந்தது. இரண்டு துண்டு. பெரியது விரல் நீளம், சிறியது புளியங்கொட்டை அளவு. அடுப்புக்கரி போல இருக்கும். பூமியில் மரம் என்று ஒன்று தோன்றுவதற்கு முன்னால் இருந்த ஏதோ ஒன்று. இலை கிடையாது, வேர் கிடையாது. நுண்ணோக்கியில் பார்த்தால் நுணுக்கமான குழல்கள் மட்டும் பின்னிக் கிடக்கும். கடலிலிருந்து ஒதுங்கிய பாசி என்று சிலர் சொன்னார்கள். தரையில் முதன்முதலாக நிமிர்ந்து நின்ற செடிகளில் ஒன்று என்றார்கள் வேறு சிலர். கண்ணால் பார்த்துத் தீராத வழக்கு. உள்ளே லிக்னின் இருந்த தடயம் கிடைத்தால் தீரும். லிக்னின் என்பது செடியை விறைப்பாக நிற்க வைக்கும் மரச்சத்து. பாசிக்கு அது கிடையாது.

கல் சலீமின் ஆராய்ச்சிக்காக வந்தது. சலீம் எங்கள் துறையில் தற்காலிக விரிவுரையாளர். சிதம்பரத்துக்கு முன்னால் கிள்ளையில் எங்கள் வண்டியில் ஏறுவான். அவன் அப்பாவுக்கு அங்கே ஒரு சின்ன அரிசிக் கடை. குடும்பத்தில் கல்லூரிக்குள் போன முதல் ஆள் அவன்தான். டாக்டர் பட்டம் வந்தால் வேலை நிரந்தரம், வராவிட்டால் அடுத்த வருடத்தோடு சரி என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். அந்த அம்மாளைச் சிரிக்க வைக்கத் தெரிந்த ஒரே மனிதன் அவன்.

"மேடம், நான் இல்லாம இந்த வண்டி ஓடுதான்னு என்னிக்காவது பாத்தீங்களா?"

"போன வாரம் நீங்க லீவு. ஓடுச்சு."

"எப்படி ஓடுச்சு?"

"சீக்கிரமா."

கல்லைப் பகுத்துப் பார்க்க ஒப்புக்கொள்ள அவர் பல நாள் யோசித்தார். பொடி செய்து வேகவைக்க வேண்டும். பார்த்த பிறகு பார்த்த பொருள் மிஞ்சாது. கடைசியில் சரி என்றார். அந்த வருடம் சரஸ்வதி பூஜை விடுமுறை முடிந்து வந்ததும் தொடங்கினார். பெரிய துண்டைப் பென்சீனிலும் ஆல்கஹாலிலும் கழுவி, இடித்து, காரத்தோடும் நைட்ரோபென்சீனோடும் இரும்புக் குழாயில் அடைத்துச் சூடேற்றினார். அந்த நாட்களில் அவர் புடவையில் பூட் பாலிஷ் மாதிரி ஒரு நெடி இருக்கும். பெட்டியில் எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொள்வார்கள். வெந்ததை வடிதாளில் ஏற்றிப் பிரித்துப் பார்க்க வேண்டும். லிக்னின் இருந்திருந்தால், ஐஸ்கிரீமில் போடும் வெனிலாச் சத்து நிற்கும் இடத்தில் ஒரு புள்ளி தெரியும்.

புள்ளி தெரிந்தது. வெறும் குழாயின் தாளில் ஒன்றுமில்லை. திரும்பச் செய்தார். திரும்பவும் தெரிந்தது. இரண்டு தடவையும் அதற்குக் கீழே மங்கலாக இன்னொரு புள்ளி. அதை இன்னதென்று தெரியவில்லை என்று எழுதினார்.

சிதம்பரம் பிளாட்பாரத்தில் சலீமிடம் சொன்னார். "இருக்கு."

அவன் டிபன் பாக்ஸைக் கீழே வைத்துவிட்டான். "மேடம், நீங்க 'இருக்கு'ன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. இன்னொரு தடவ சொல்லுங்க."

"இருக்கு சலீம்" என்று சொல்லிச் சிரித்தார்.

துறைத் தலைவர் வெளிநாட்டுக்கு எழுதினார். பதில் கடிதங்கள் வந்தன. சலீம் ஆய்வேட்டை எழுதி முடித்துக் கொடுத்தான். அதில் பாதிக்கு மேல் அந்தப் புள்ளியைப் பற்றியதுதான். அவன் அப்பா வாழையிலையில் சுற்றிய இறாலோடு ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டார். "எங்க ஊட்டுல இனிமே அரிசி மூட்ட தூக்கப் போறது யாருமில்லம்மா. நீங்க நல்லா இருக்கணும்" என்றார். அந்த அம்மாளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. இறாலை வாங்கிக்கொண்டார்.

அடுத்த வருடம் சரஸ்வதி பூஜை வந்தது. ஆய்வேடு வெளியூர்த் தேர்வாளர்களிடம் போயிருந்தது. பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் எல்லாத் துறைகளிலும் கருவிகளைத் துடைத்துப் பொட்டு வைத்துப் பொரி கடலை படைப்பார்கள். அந்த அம்மாள் கிறிஸ்தவர். விடுமுறைக்கு முந்தின நாள் மத்தியான வண்டியிலேயே கடலூர் போய்விடுவது அவர் வழக்கம். பூஜையை அவர் ஒரு வருடமும் பார்த்ததில்லை. அந்த வருடம் நல்ல மழை. வெள்ளாற்றுப் பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டது, வண்டி போகாது என்றார்கள். நானும் அவரும் ஸ்டேஷனிலிருந்து நனைந்துகொண்டு கல்லூரிக்கே திரும்பினோம்.

ஆய்வுக்கூடத்தில் ஊதுபத்திப் புகை. தராசுகளுக்குப் பொட்டு, பர்னர்களுக்குப் பொட்டு, அடிகுழாய்க்குக்கூடப் பொட்டு. மேசை நடுவில் ஒரு பித்தளைத் தட்டு. அதில், துடைத்து வைக்கச் சொல்லித் தேவராசுவிடம் அவர் சாவி கொடுத்துவிட்டுப் போகும் அலமாரியிலிருந்த சின்னத் துண்டு. கரி போன்ற அந்தக் கல்லின் மேல் கெட்டியாகச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம்.

"வாங்கம்மா வாங்க" என்றான் தேவராசு. "இந்த வருஷமாவது நீங்க இருந்து பாக்கறீங்களே."

அவர் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தேவராசு, இது என்ன சந்தனம்?"

"கட்டையில அரச்சதும்மா. நானே ஒரசினேன். கடையில விக்கிற பொடிய உங்க கல்லுக்கு வைப்பனா?"

"போன வருஷம்?"

"போன வருஷம் வைக்காமயா? ரெண்டுக்கும் வச்சேன். பெரிய கல்லுக்குத்தான் மொதப் பொட்டே. மறுநா ஈரத்துணியால சுத்தமா தொடச்சு உள்ள வச்சுட்டேன். அதான பாருங்க, நல்லபடியா முடிஞ்சுச்சு."

நான் தாவரவியல்காரன். எனக்குப் புரிய நேரமாயிற்று. சந்தனம் மரம். அரைத்த சந்தனம் என்பது ஈரமான மரத்தூள். கல்லெங்கும் மயிரிழை விரிசல்கள். பென்சீனும் ஆல்கஹாலும் சந்தன எண்ணெயைக் கழுவும், விரிசலில் இறங்கிய தூளையும் அதிலுள்ள லிக்னினையும் கழுவாது. அவர் வெறும் குழாயில் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்திருந்தார். தேவராசுவின் பக்தியைப் போட்டுப் பார்க்கவில்லை.

தேவராசு பொரி கடலையை நீட்டினான். அவர் ஒரு பிடி பொரி எடுத்துக்கொண்டார். விடுமுறை முடிந்த அன்றே கொஞ்சம் சந்தனம் அரைக்கச் சொல்லி வாங்கி, கல் இல்லாமல், சந்தனத்தை மட்டும் வேகவைத்துப் பார்த்தார். இரண்டு புள்ளி. இரண்டும் போன வருடத்துப் புள்ளிகள் நின்ற அதே இடத்தில். இன்னதென்று தெரியவில்லை என்று அவர் எழுதியிருந்த அந்தக் கீழ்ப்புள்ளி, பூக்கும் மரங்களுக்கே உரியதாம். அந்தக் கல் உயிரோடு இருந்த காலத்தில் பூமியில் பூ என்பதே கிடையாது.

தாளை அவர் சலீமிடம் காட்டியபோது நானும் இருந்தேன். அவன் அதை வாங்கி இரண்டு புள்ளிகளையும் விரலால் தொட்டுப் பார்த்தான்.

"மேடம், கல்லுலயும் இருக்கலாம், சந்தனத்துலயும் இருக்கலாம் இல்லியா?"

"இருக்கலாம். அதான் சின்னத் துண்ட ஒடச்சு, மேல்பக்கத்த முழுக்கச் செதுக்கிட்டு, உள்ள இருக்கறத மட்டும் பாக்கணும்."

"அதோட அதுவும் போயிடும்."

"போயிடும்."

"தேர்வாளருங்க யாரும் கேக்கல மேடம். இந்த உலகத்துல ஒருத்தருகூட கேக்கல."

"நான் கேட்டுட்டனே சலீம்."

"நீங்க கேக்காம இருங்க!" முதல் தடவையாக அவன் குரல் உயர்ந்தது. "ஒரே ஒரு விஷயத்த. வாழ்நாள்ல ஒண்ணே ஒண்ண. அதத் தொடாம அலமாரியில வச்சுப் பூட்டுங்க. பின்னாடி எவனாவது பாத்துக்குவான். எங்க அத்தாவுக்கு அறுவது வயசாவுது மேடம். இன்னும் மூட்ட தூக்கறாரு."

அவர் தாளை வாங்கிக் கோப்பில் வைத்தார். அவன் என்னைப் பார்த்தான். துறைத் தலைவர் பிறகு அவரைக் கூப்பிட்டு, சின்னத் துண்டைத் தொட வேண்டாம், பட்டம் வரட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார். அதுவும் ஒரு வழிதான். இன்றைக்கும் அது அவ்வளவு மோசமான வழி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அடுத்த வாரம் சின்னத் துண்டைச் செதுக்கி உட்பாகத்தை எடுத்தார். மூக்குப்பொடி அளவுதான் தேறியது. வேகவைத்தார். தாளில் ஒரு புள்ளியும் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னிடம் சொன்னார். "இவ்ளோ கொஞ்சத்துல இருந்தாலும் தெரியாது சார். இல்லன்னும் சொல்ல முடியாது."

"அப்ப என்னன்னுதான் எழுதுவீங்க?"

"நான் சொன்னதுக்கு ஆதாரம் இல்லன்னு எழுதுவேன்."

எழுதினார். தேர்வாளர்களுக்குப் போன அந்தக் கடிதத்தில் தன் பெயரைப் போட்டு, சந்தனத்தைப் பற்றியும் எழுதினார். தேவராசுவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கல்லைப் பாதுகாப்பதில் தன் கவனக்குறைவு என்றிருந்தது. ஆய்வேடு திரும்பி வந்தது. வேறு பொருளில் புதிதாக எழுதலாம் என்றார்கள், ஆனால் வேலை அந்த வருடத்தோடு முடிந்தது. சலீம் சில மாதம் கடையில் உட்கார்ந்திருந்தான். அப்புறம் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் அவன் மாமா கடைக்குப் போய்விட்டான். போகும்போது எங்கள் இருவரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

காலை வண்டி கிள்ளையில் நிற்கும்போது அந்த அம்மாள் புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். வண்டி நகர்ந்த பிறகுதான் பக்கத்தைத் திருப்புவார். ஒரு நாள் சாயங்காலம், திரும்பி வரும்போது, கிள்ளையில் வண்டி நின்றதும் எழுந்தார். "சார், கொஞ்சம் கூட வரீங்களா?" என்றார்.

கடையில் சலீமின் அப்பா மட்டும் இருந்தார். எங்களைப் பார்த்ததும் மூட்டை மேலிருந்த துண்டை எடுத்து பெஞ்சைத் தட்டிவிட்டு உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். தம்பி கடிதம் போடுகிறானா என்று நான் கேட்டேன். போடுகிறான், உடம்பு இளைத்துவிட்டதாம் என்றார். பிறகு மூன்று பேரும் டீயைக் குடித்தோம்.

கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவர் அந்த அம்மாளைப் பார்த்துக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

"அம்மா, நான் படிக்காதவன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மொதல்ல இருக்குன்னீங்க. அப்புறம் தெரியலன்னீங்க. இதுல எது தப்பு?"

"மொதல்ல சொன்னதுதாங்க தப்பு. அப்ப நான் அதச் சொல்லியிருக்கக் கூடாது."

"ரெண்டாவது சொன்னது?"

"அது தப்பில்லங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே காலி கிளாஸ்களை எடுத்து ஓரமாக வைத்தார்.

"எங்களுக்கு மொதல்ல சொன்னதுதாம்மா நல்லா இருந்துச்சு."

"எனக்கும்தாங்க" என்றார் அந்த அம்மாள்.